1974 அம்பாசடரும் 2002 மாருதி 800ம்: ஒரு கார் மட்டும் போதும் என்ற வீட்டில் நடந்தது

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிறுநகர் ஒன்றில், ஒரு வீட்டின் கொட்டகையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, தாத்தா 1974இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2. மற்றது, அப்பா 2002இல் வாங்கிய மாருதி 800. காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் பழைய முறைக் கருவியான கார்புரேட்டர் இல்லாமல், கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வகை. அப்பா இறந்த பிறகு இரண்டுமே பெரும்பாலும் நின்றபடி கிடந்தன. 2025 தொடக்கத்தில், மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்காகக் கொட்டகையின் பாதியை இடித்துக் கீழே ஓர் அறை கட்ட முடிவாயிற்று. இனி ஒரு காருக்குத்தான் இடம்.

அம்மாவுடன் இருப்பவர் மகள். கார் ஓட்டத் தெரிந்தவர். வாரந்தோறும் அம்மாவை முழங்கால் சிகிச்சைக்கு அழைத்துச் செல்பவர். அவர் 800ஐ வைத்துக்கொள்ள விரும்பினார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு அம்பாசடர்தான் வேண்டும். “இப்போதைய காரெல்லாம் தகரம் அக்கா, இதுதான் இரும்பு” என்பது அவர் வாதம். “இரும்பை வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்காமல் எங்கே போய் நிற்பது?” என்பது அக்காவின் பதில். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இரண்டையும் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள்.

இரண்டு கார்களின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதாவது 1950களின் நடுப்பகுதிச் சிந்தனை. மாருதி 800இன் முதல் கார் 1983 டிசம்பர் 14 அன்று ஒப்படைக்கப்பட்டது. பலரும் அறிந்த அதன் உருவம் 1986இல் வந்தது. வடிவமைப்பில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஆனால் இரண்டின் உற்பத்தியும் நின்றது 2014இல்தான்: 800 ஜனவரியில், அம்பாசடர் மே மாதத்தில். உதிரிபாகம் தேடும்போது இந்த ஒற்றுமை நினைவுக்கு வரும்.

ஆய்வுக்கு முன் எடுத்த நிலைப்பாடு

இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் வழக்கமாக ஓர் அட்டவணை போடுவார்கள்: குதிரைத்திறன், மைலேஜ், எடை. 1,489 சிசிக்கு எதிரே 796 சிசி, 1,100 கிலோவுக்கு எதிரே சுமார் 650 கிலோ என்று அது நீளும். அந்த அட்டவணை எனக்குப் பயன்படவில்லை. புதிதாக இருந்தபோது அந்தக் கார்கள் எப்படி இருந்தன என்பதை மட்டுமே அது சொல்லும். ஒவ்வொன்றும் இனிமேல் எப்படிப் பழுதாகும், பழுதாவதற்கு முன் ஓட்டுநருக்குத் தெரியுமா என்பதே இந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. வண்டியில் வரப்போகிறவர் நடக்கச் சிரமப்படும் முதியவர் என்பதால் இந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

கண்டவை: எஞ்சினும் பெட்ரோலும்

800 முதல் சாவித் திருப்பலிலேயே கிளம்பியது. அம்பாசடர் கிளம்பவில்லை. எரிபொருள் பம்பின் ரப்பர்த் திரை விறைத்துப்போயிருந்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. திரையை மாற்றி, பெட்ரோலை அளந்துவிடும் சிறுதுளையான ஜெட்டைச் சுத்தம் செய்து, சோக்கை இழுத்தபின் ஓடத் தொடங்கியது. அந்தக் காலை நேரத்திலேயே அக்காவின் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தம்பியும் சற்றுத் தளர்ந்தார். உடனே கிளம்புவது நல்ல நிலைக்குச் சான்றல்ல என்று சொன்னேன். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

கம்ப்ரஷன் அளவும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது கணக்கு), முதலில் அக்கா பக்கமே நின்றது. 800இன் மூன்று சிலிண்டர்களும் 170 பவுண்டையொட்டி ஒரே சீராக இருந்தன. அம்பாசடரில் மூன்று சிலிண்டர்கள் 115 முதல் 120 வரை காட்டின, நான்காவது 92. அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தபோதும் எண் உயரவில்லை. எனவே பிஸ்டன் ரிங்கில் குறை இல்லை, வால்வில்தான் குறை. எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்திருந்தது. இதற்கு ஒரு காலக் காரணம் உண்டு. அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானது. ஈயப் படிவம் வால்வு இருக்கைக்கு ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல்தான். கால் நூற்றாண்டாக அந்தக் காப்பு இல்லாமலே வண்டி ஓடியிருக்கிறது.

இப்போது இன்னொரு மாற்றம்: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எரிபொருள் ஒன்றுதான் என்றாலும் இரண்டு கார்களும் அதை எதிர்கொண்ட விதம் வேறு. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பெட்ரோலுக்கு அளவெடுத்த ஜெட் வழியாக இ20 போனால் கலவை மெலிந்துவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, ஓட்டுநருக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் அம்பாசடர் ஒரு கணம் தயங்கியது. கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தது. 800 எந்தத் தயக்கமும் காட்டவில்லை. அதன் ஆக்சிஜன் சென்சார் மெலிவை உணர்ந்து சொல்ல, கணினி கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சிச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்கேனரில் தெரிந்த கூடுதல், இ20க்கு மட்டும் தேவைப்படும் அளவைவிட அதிகமாக இருந்தது. எங்கோ வேறு குறையும் இருக்க வேண்டும் என்று தேடியபோது, டேங்கிலிருந்து வரும் குழாயின் ரப்பர்ப் பகுதி வெடித்து ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. பம்பும் களைத்திருந்தது. இதை ஓட்டுநர் உணர வழியே இல்லை. பெட்ரோல் வாடைகூட வண்டி நின்ற பிறகு, பின்பக்கம் குனிந்தால்தான் தெரிந்தது.

அம்பாசடரின் ரப்பர்க் குழாயும் வெடித்துத்தான் இருந்தது. ஆனால் அதன் மெக்கானிக்கல் பம்ப் தருவது சில பவுண்டு அழுத்தம், கசிந்தால் சொட்டும். 800இன் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் தருவது அதைப்போலப் பல மடங்கு. குழாய் விட்டுப்போனால் பெட்ரோல் பீறிடும். ஒரே வயதான ரப்பர், ஒரே வெடிப்பு, ஆபத்து மட்டும் ஒன்றல்ல. பழைய கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கார்புரேட்டரைத்தான் நெருப்புக்குக் காரணமாகச் சொல்வார்கள். வயதேறிய எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் குழாயை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கண்டவை: பிரேக்கும் மோதலும்

பிரேக்கில் அக்காவின் அச்சம் முழுக்கச் சரியாக இருந்தது. அம்பாசடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம். நான்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் மிதியில் எதுவும் மிஞ்சாது, ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டியதுதான். 800இல் முன்பக்கம் டிஸ்க், இரட்டைச் சுற்று. காலி மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டையும் நிறுத்திப் பார்த்தோம். அம்பாசடர் கூடுதலாக ஒரு கார் நீளத்துக்கு ஓடியதோடு இடப்பக்கம் இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் ஒரு சக்கரத்தின் வீல் சிலிண்டர் இறுகியிருந்தது, அது சரிசெய்யக்கூடியது. ஒற்றைச் சுற்று என்பது வடிவமைப்பு. அதைப் பராமரிப்பால் மாற்ற முடியாது.

அடுத்து தம்பியின் “இரும்பு” வாதம். தடித்த தகடு சிறு உரசலில் நசுங்காது என்பது உண்மை. பெரிய மோதலில் நிலைமை தலைகீழ். வண்டியின் முகப்பு நசுங்கி வேகத்தை உள்வாங்காவிட்டால் அது உள்ளே இருப்பவர் உடம்பில்தான் இறங்கும். 2009இல் அமெரிக்காவின் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஹைவே சேஃப்டி அமைப்பு, 1959ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. கனத்த பழைய காரின் பயணியறை உருக்குலைந்தது. புதிய காரின் பயணியறை நின்றது. அந்தப் பதிவைத் தம்பிக்குக் காட்டினேன். ஆனால் அதை வைத்து 800ஐப் பாதுகாப்பான கார் என்று அக்கா எடுத்துக்கொள்வதையும் தடுக்க வேண்டியிருந்தது. 800 ஒன்றும் மாலிபு அல்ல. ஏர்பேக் இல்லை, எடையும் மிகக் குறைவு. மோதலில் காப்பதற்கென 800இல் இருக்கிற, அம்பாசடரில் இல்லாத ஒரே முக்கியப் பொருள் சீட் பெல்ட். முன்னிருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்துவது இந்தியாவில் 1994இல்தான் தயாரிப்பாளர்களுக்குக் கட்டாயமானது. மோதல் பாதுகாப்பில் இரண்டு காரும் இன்றைய அளவுக்குத் தேறாதவை. வேகத்தைக் குறைப்பது ஒன்றே இரண்டுக்கும் பொதுவான காப்பு.

கண்டவை: அடிப்பக்கம்

இரண்டு வண்டிகளுக்கும் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே துரு பிடித்த இடம் அழகுக் குறை அல்ல, எலும்பு முறிவு.

அம்பாசடரின் வெளித்தோற்றம் பரிதாபம். கதவடிகளில் பெயிண்ட் பொரிந்து, டிக்கித் தரையில் விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தன. ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் பிணையும் இடங்களையும் முன்பக்க டார்ஷன் பார் தாங்கிகளையும் சுத்தியலால் தட்டியபோது திடமான ஓசை வந்தது. தாத்தா காலத்திலிருந்து கிரீஸும் பழைய எஞ்சின் ஆயிலும் அடியில் அப்பி வந்திருக்கிறார்கள். பார்க்க அசிங்கம்தான், தகட்டைக் காத்தது அதுவே.

800 சில ஆண்டுகளுக்கு முன் மறுவண்ணம் பூசப்பட்டது. பளபளப்பாக இருந்தது. அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு சீராக இருந்தது; அந்தச் சீர்தான் என்னை நிறுத்தியது. காந்தத்தை வைத்தால் இடது பின்சக்கரத்துக்கு மேலே சில இடங்களில் ஒட்டவில்லை. ஸ்குரூ டிரைவரால் அழுத்தியதும் பூச்சோடு உள்ளே போனது. டிங்கர் பூச்சைச் சுரண்டி எடுத்தபோது, பின் சஸ்பென்ஷன் பிணையும் இடத்தின் தகடு பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. துருவின் மேலேயே பூசிவிட்டதால் ஈரம் உள்ளே சிக்கி வேலை செய்திருக்கிறது.

இங்கேதான் ஒப்பீடு திரும்பியது. அம்பாசடர் தன் குறைகளை இழுத்தும் தயங்கியும் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. 800 எல்லாவற்றையும் உள்ளுக்குள் சமாளித்துக்கொண்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் ஓடியது. எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் நிலையும் அப்படியே: எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பதிவில்லை, அறுகிறவரை ஒரு சத்தமும் வராது.

கேட்காமலே கிடைத்த ஒரு தகவல்

சோதனைத் தாளில் இல்லாத ஒன்றை அம்மா சொன்னார். 800இல் உட்காருவதற்குக் குனிந்து, மடங்கி, கீழே இறங்க வேண்டியிருக்கிறது. எழும்போது மகள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். அம்பாசடரில் இருக்கை உயரம், கதவு அகலம். இரண்டையும் கொட்டகை வாசலில் நிறுத்தி ஏறிப் பார்க்கச் சொன்னோம். அம்பாசடரில் அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினார், தானாகவே இறங்கினார். “இதற்கு யாரும் வேண்டாம்” என்றார். அக்கா அதன்பின் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

800ஐச் சரிசெய்வது முடியாத காரியமல்ல. தகடு வெட்டி வெல்டிங், எரிபொருள் குழாய்கள், பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து மெக்கானிக்கும் டிங்கரும் சொன்ன தொகை அந்த வண்டியின் சந்தை மதிப்பைத் தாண்டியது. அது மட்டும் காரணமல்ல. பின்பக்கத் தகடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை முழுக்கப் பிரிக்காமல் சொல்ல முடியாது. பிரித்தபின் நிறுத்தவும் முடியாது. இந்த நிலையில் இன்னொருவருக்கு விற்பது சரியில்லை என்று அக்காவே சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் பெற்று, பதிவை நீக்குவது என்று முடிவாயிற்று.

அம்பாசடரை வைத்துக்கொள்வதற்கு மூன்று நிபந்தனைகள் எழுதினேன். ஊருக்குள் மட்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. பிரேக் வேலை முழுதாக முடிந்து, மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்று வகைக்கு மாற்றிய பிறகே அம்மா ஏற வேண்டும். முன்னிருக்கைக்குப் பெல்ட், அதுவும் பக்கத்தூணில் வலுத்தகடு வைத்து வெல்டிங் செய்தபின். தம்பிக்கு முதல் நிபந்தனை பிடிக்கவில்லை. கோயம்புத்தூர் வரை ஓட்டிப் போவது அவருடைய ஆசை.

தம்பி வேறொரு யோசனையும் கொண்டுவந்தார். 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். இந்தக் கார் 2024லேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது விதி. பலர் செய்ததுபோல் டீசல் எஞ்சின் மாற்றாததால் இந்த வண்டிக்குத் தகுதியும் இருந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வாகனத்தை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. அம்மாவின் சிகிச்சைக்காகத்தானே வண்டி! ஆகவே வழக்கமான பதிவையே புதுப்பிப்பது என்று விட்டுவிட்டோம்.

எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கும் கடினப்படுத்திய இருக்கை வளையங்கள் வைத்தோம். ஜெட் சற்றே பெரிதாக்கப்பட்டது. எரிபொருள் குழாய்கள் அனைத்தும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாறின. மாஸ்டர் சிலிண்டர் பிற்கால அம்பாசடர் ஒன்றிலிருந்து வந்தது. பொருத்துவதற்கு மெக்கானிக் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

பின்னர் நடந்தவை

முதல் சில வாரங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. மே மாத வெயிலில் ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போது எஞ்சின் அணைந்து, திரும்ப உயிர் பெறவில்லை. பெட்ரோல் பம்ப் சூடான எஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், உள்ளே எரிபொருள் ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் காத்திருந்த பிறகு கிளம்பியது. பழைய ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் உச்சி வெயிலில் முதியவரை வண்டிக்குள் வைத்துக்கொண்டு செய்யும் வைத்தியம் அல்ல. அக்காவின் கோபம் நியாயமானது. எரிபொருள் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி மாற்றி, இடையில் ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தோம். சிகிச்சை நேரத்தைக் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் அப்படி நிற்கவில்லை.

பதிவுப் புதுப்பிப்பு அந்த ஆண்டின் கடைசியில் வந்தது. 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கப்பட்ட கட்டணம், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. 800ஐ வைத்திருந்தாலும் 2027இல் இதே கட்டணம்தான் வந்திருக்கும். 1974க்கும் 2002க்கும் அந்த விதி வேறுபாடு பார்ப்பதில்லை. வாகன ஆய்வாளர் ஹெட்லைட் மங்கலைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். டைனமோ தரும் மின்சாரம் நின்ற நிலையில் போதவில்லை. புதிய வயரிங்கும் ரிலேயும் வைத்தபின் இரண்டாம் முறை தேறியது.

செலவைக் கூட்டினால், அம்பாசடருக்குப் போன பணம் 800ஐச் சரிசெய்யச் சொன்ன தொகையைவிடக் குறைவில்லை. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர்கூடத் தருவதில்லை. வெளியூர்ப் பயணம் ரயிலில் அல்லது வாடகைக் காரில். தம்பி ஊருக்கு வரும்போது வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, பெரிய கோயில் வரைக்கும்கூட ஓட்ட முடியவில்லையே என்று குறைப்படுகிறார். அம்மா மட்டும் எந்தக் குறையும் சொல்வதில்லை.

அடுத்த முறைக்கு மாற்றியிருப்பவை

ஆய்வின் வரிசையை மாற்றியிருக்கிறேன். நீண்ட நாள் நின்ற வண்டி எதுவானாலும் முதலில் அடிப்பக்கம், பிறகு எரிபொருள் குழாய், அதன்பின்தான் சாவி. எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டால் உரிமையாளர்கள் வேறெதையும் பார்க்க விரும்புவதில்லை. வெடித்த குழாயோடு எம்.பி.எஃப்.ஐ. வண்டியைக் கிளப்புவது ஆபத்தும்கூட. சீரான தார்ப்பூச்சு உள்ள இடமெல்லாம் காந்தம் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கணினி உள்ள வண்டியை ஓட்டிப் பார்த்து மட்டும் மதிப்பிடுவதில்லை. கணினி எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பதை ஸ்கேனரில் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் வண்டிக்கு ஒரு முழு நண்பகல் வெயிலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் சோதனையைச் சேர்த்திருக்கிறேன். காலைக் குளிர்ச்சியில் செய்த சோதனை ரயில்வே கேட்டில் நடந்ததைக் காட்டியிருக்காது.

தாளின் முதல் வரியில் இப்போது ஒரு கேள்வி அச்சிட்டிருக்கிறேன்: யார் ஏறப்போகிறார்கள்? அவர் வண்டியில் ஏறி இறங்கும்வரை மற்றக் கட்டங்களை நிரப்புவதில்லை.